பெருமாள் வில்லும் உங்க தண்ணித் தொட்டியும்

தம்பி, மொதல்ல அந்த நாயக் கட்டுங்க. கட்டிட்டீங்களா? சரி. இப்ப அண்ணாந்து உங்க தண்ணித் தொட்டியப் பாருங்க. மஞ்சத்துணி சுத்தி ஒண்ணு குத்தி நிக்குதுங்களா? அது எங்க பெருமாளோட அம்புங்க. புடுங்கிப் போடாதீங்க. புடுங்குனா இருக்கற தண்ணி பூராவும் அந்த ஓட்டையில வெளிய வந்துரும். அதுமில்லாம சாமி அம்பு, கண்டவங்க தொடக்கூடாது. நீங்க கண்டவரில்லீங்க, நீங்க காட்டுக்காரரு. அதுக்குத்தான் நான் இத்தன தூரம் ஓடி வந்ததே.

சித்த மூச்சு வாங்கிக்கறேன். அந்த வெங்காயக் காட்டுக்குள்ள பூந்து வந்திருந்தா சீக்கிரம் வந்திருக்கலாம். அது எம் மச்சினன் காடு. அதுல நான் கால் வெக்க மாட்டேன். சுத்தித்தான் வந்தேன்.

பயந்துக்காதீங்க, நான் சண்டைக்கு வரல. உங்களுக்கு மரியாதை பண்றதுக்குக் கூட்டீட்டுப் போக வந்திருக்கறேன். மேளம் கேக்குதுங்களா? உங்களுக்காகத்தான் அடிக்கறாங்க. ஊரே நிக்குது அங்க. நீங்க வந்து தலையக் காட்டுனாப் போதும், பரிவட்டம் கட்டி மாலை போட்டு அனுப்பி வெச்சுருவோம். இந்த அரைக்கால் டவுசரோட வேண்டாம், ஒரு வேட்டி கட்டிக்கோங்க. என்னுங்க? தொட்டிக்கு ஆரு பதில் சொல்றதா? அட, புதுசே வாங்கித் தர்றேனுங்க. வெவரத்தச் சுருக்கமாச் சொல்லிப் போடறேன், கேட்டுட்டுக் கெளம்புங்க. மேளக்காரங்களுக்கு இப்பத்தான் காபி குடுத்தோம், கொஞ்ச நேரம் தாங்குவாங்க.

எம்பேரு செம்பண்ணன். பெருமாள் கோயிலுக்கு வில்லுக் குடுக்கற வீடு எங்க வீடு. விஜயதசமியன்னைக்குப் பெருமாள் குதிரை மேல ஏறி வேட்டைக்குப் போவாரு. கோயில் முன்னால வாழை மரம் நட்டிருக்கும். பூசாரி ரங்கண்ணன் பெருமாளுக்குப் பதிலா நின்னு, அந்த வாழைக்கு மேல ஒரு அம்பு விடுவாரு. அம்பு ஆரு காட்டுல விழுதோ, அந்தக் காட்டுக்காரருக்கு அந்த வருசம் மொத மரியாதை. பரிவட்டத்த வில்லுக் குடுத்த வீட்டுக்காரன் தன் கையாலயே கட்டி விடோணும். கோயில் முத்தத்துலயே விழுந்துட்டா மரியாதை எங்க வீட்டுக்கு. அந்த மண்ணு எங்க முப்பாட்டன் கோயிலுக்குக் குடுத்த மண்ணுங்க. எங்கப்பன் இருந்த வரைக்கும் எங்கப்பனுக்குத்தான் பரிவட்டம், அப்பறம் எனக்கு. அன்னைக்கெல்லாம் ஒரு வருசங்கூட வெளிய போனதில்ல. எங்க குடும்பத்துக்கு அப்படியொரு ராசி.

வில்லு எதுல பண்ணுவோமுன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அதுலதான் விசயமே இருக்குது. கிளுவைக் குச்சியில. சிரிக்காதீங்க. வேலியில நிக்குமே, அதே கிளுவைதான். எங்கப்பன் அன்னைக்குக் காலையில பல்லு வெளக்கப் போற வழியில ஒரு குச்சிய ஒடிப்பாரு, வளைச்சு ஒரு சணலக் கட்டுவாரு, சோலி முடிஞ்சுது. ஊற வெக்கறதில்ல, காய வெக்கறதில்ல, ஒண்ணுமில்ல. அப்படிப் பண்ணுன வில்லுல அம்பு எங்கீங்க போகும்? விட்ட எடத்துலயே தொப்புன்னு விழும். சில வருசம் ரங்கண்ணன் கால் மேலயே விழும். ஊரே "கோவிந்தா"ன்னு கன்னத்துல போட்டுக்கும், எனக்கு மட்டும் கூசிப் போகும். பெருமாள் அத்தன அலங்காரத்தோட குதிரை ஏறி வந்து நிக்கறாரு, அந்த அம்புல ஒரு ஓணான் சாகாது. எங்க பாட்டன் முப்பாட்டனெல்லாம் நல்ல மனுசங்கதான் தம்பி. ஆனா மரத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாதவங்க.

அப்படியே போயிட்டிருந்துது. போன வருசத்துக்கு முந்தின வருசம் ரங்கண்ணன் கொஞ்சம் வேகமா இழுத்துப் போட்டாரு, வில்லு ரெண்டா முறிஞ்சு போச்சு. கூட்டத்துல எம் மச்சினன் நாச்சிமுத்து நின்னுட்டிருந்தான். எம் பொண்டாட்டி கண்ணாத்தாளுக்குக் கூடப் பொறந்த தம்பி. அவன் சொல்றான், "மச்சான், இந்த வருசம் பெருமாள் கல்லெடுத்து அடிச்சுக்குவாரு, உடுங்க!" ஊரே சிரிச்சுது தம்பி. குதிரை வாகனத்தத் தூக்கிட்டு நின்னவங்க சிரிச்சதுல பெருமாளே குலுங்குனாரு. அம்பு முத்தத்துலதான் கெடந்துது, பரிவட்டமும் எனக்குத்தான் கட்டுனாங்க. ஆனா வயிறு எரிஞ்சுது. அன்னைக்கே அவன்கூடப் பேச்ச நிறுத்திட்டேன். வெள்ளைக்காரன் துப்பாக்கி மாதிரி ஒரு வில்லுப் பண்ணி, அவன் வாய அடைக்கறதுன்னு முடிவு பண்ணுனேன்.

கண்ணாத்தா கேட்டா, "ஏனுங்க, அம்பு பக்கத்துல விழறதுல நமக்கு என்னுங்க நட்டம்?"ன்னு. பொம்பளைக்கு வில்லு வெவரம் என்ன தெரியும்.

மரத்த விசாரிக்க ஆரம்பிச்சேன். நம்ம ஊர்ல ஒண்ணக் கேட்டா ஒன்பது சொல்லுவாங்களே. ஒருத்தர் புளியங்கம்புன்னாரு. முறிஞ்சுது. ஒருத்தர் வேம்புன்னாரு. காயக் காயக் கீறல் விட்டுது. டீக்கடைக்காரர் சவுக்குன்னு சத்தியமே பண்ணுனாரு. அது வளையவே மாட்டேன்னு நின்னுக்கிச்சு, நான்தான் வளைஞ்சு இடுப்பப் புடிச்சுட்டுப் படுத்துட்டேன். கடைசியில எனக்கே தோணுச்சு, கல்மூங்கில். உள்ள ஓட்டையே இல்லாம கெட்டியா இருக்குமுங்க. சத்தியமங்கலம் பக்கம் எங்க ஒறம்பரை, சொந்தக்காரரு ஒருத்தர் தோட்டத்துல ஒரு புதரே இருக்குது. ஆனா நெனச்ச நேரத்துல வெட்டக் கூடாது. வளர்பிறையில வெட்டுனா உளுத்துப் போகும். தேய்பிறையிலதான் வெட்டோணும். நான் தேய்பிறைக்குக் காத்துட்டிருக்கறேன், சொல்லி வெச்ச மாதிரி அந்த வீட்டுப் பெரியவரு செத்துப் போயிட்டாரு.

துக்கத்துக்குப் போகாம இருக்க முடியுமுங்களா? போனேன். மாலை ஒரு கையில, பையில அருவா. மனசாரத்தான் துக்கத்துக்குப் போனேன், அன்னைக்குத் தேய்பிறையா இருந்தது என் தப்பில்ல. போய் நின்னா, பாடை கட்டறதுக்குன்னு ரெண்டு பசங்க அந்தப் புதர்ல மூங்கில் வெட்டீட்டிருக்கறானுக. எதை வெட்டறானுகன்னு பாத்தா, மூணு வருசத்து மூங்கில், முத்தலுமில்லாம குருத்துமில்லாம, கணுவுக்குக் கணு ஒரே அளவு. தட்டுனா கிண்ணுனு சத்தம் வருது. "அடே, நிறுத்துங்கடா"ன்னு ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சுட்டேன். எல்லாரும் நான் பெரியவர நெனச்சு அழறேன்னு நெனச்சாங்க. "சுடுகாடு வரைக்கும் தாங்குனாப் போதாதா, அதுக்கெதுக்குடா கல்மூங்கில்? பெரியவரு ஒல்லியான ஆளு, அந்த நோஞ்சான் மூங்கிலே தாங்கும்"னு சொன்னேன். நாயந்தானுங்களே? பெரியவரோட பொண்ணு என்னையப் பாத்த பார்வையில இன்னும் ரெண்டு பாடை கட்டியிருக்கலாம். கடைசியில நோஞ்சான் மூங்கில்லதான் கட்டுனாங்க. தாங்குச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல என்கூட ஆரும் பேசறதில்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியல.

தம்பி, சட்டி கொண்டாந்து கீழ வெச்சுக்கோங்க, ஒழுகற தண்ணி வீணாப் போகுது பாருங்க. ம்.

எழவு வீட்டுலருந்து மூங்கிலோட வந்தா வீட்டுல விடுவாங்களா? கண்ணாத்தா சொம்புத் தண்ணியோட வாசல்லயே மறிச்சுக்கிட்டா. நான் தலைக்குக் குளிச்சேன். அவ உள்ள விடல. மூங்கிலுக்கும் தலைக்கு ஊத்துனேன். மூங்கில்ல தலை எது கால் எதுன்னு எனக்குக் கொஞ்சம் கொழப்பம், ரெண்டு பக்கமும் ஊத்துனேன். அப்பறந்தான் விட்டா.

வெட்டுனதும் தண்ணியில ஊற வெக்கோணும். அப்பத்தான் வண்டு துளைக்காது. எங்க ஊற வெக்கறது? கட்டுத்தரையில மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டிதான் நீளமா இருக்குது. போட்டேன். மூங்கில் ஊறுனா நாறும் தம்பி, செத்த எலி கெட்டுது. மாடு ரெண்டும் மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பால் கொறைஞ்சு போச்சு. கண்ணாத்தா தெனமும் கிணத்துலருந்து கொடத்துல சொமந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுனா. ஒரு வார்த்தை கூட என்னையத் திட்டல. மாட்டத்தான் திட்டுனா, எம்பேரச் சொல்லித் திட்டுனா.

ஊறுனதுக்கப்பறம் நெழல்ல காய வெக்கோணும். வெயில் பட்டா வெடிச்சுரும். எங்க வீட்டுல அத்தன நீளத்துக்கு நெழல் எங்கிருக்குது? முன்கூடத்து ஆசாரத்துல ஆரம்பிச்சுப் படுக்கற ரூம் வரைக்கும் நெத்தி உசரத்துக்குக் கயித்துல கட்டித் தொங்க விட்டேன். கதவு சாத்த முடியல. கார்த்திகை மழையில சாரல் பூரா உள்ள. வர்ற ஒறம்பரை எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சுதான் வந்தாங்க. எங்க சம்பந்தி அம்மா மட்டும் குனியல. நெத்தியில இன்னும் வடு இருக்குது. மூங்கில்ல கீறல் எதாச்சும் விழுந்துதான்னுதான் நான் மொதல்ல பாத்தேன். விழல. அவ்வளவு கெட்டி.

அப்பறம் புங்கெண்ணெய் பூசி, செரட்டைத் தணல்ல காட்டிக் காட்டி வளைக்கோணும். அது கூடப் பரவால்ல. கஷ்டம் சீவறதுலதான். ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையோணுமே. இழுத்துப் பாத்தா எடதுப் பக்கம் தடிப்பாத் தெரிஞ்சுது. சீவுனேன். இப்ப வலது தடிப்பு. சீவுனேன். மறுபடியும் எடது. ஒரு நாள் பூரா உக்காந்து சீவுனேன் தம்பி. பொழுதோட பாத்தா ரெண்டு பக்கமும் அச்சா ஒரே மாதிரி இருக்குது, ஆனா கோழி முடுக்கற குச்சி கெனத்துக்கு வந்துருச்சு. அதைக் கண்ணாத்தா முதுகு சொறிய வெச்சிருக்கறா. நல்ல வேளையா நான் மூங்கில ரெண்டாப் பொளந்திருந்தேன். மறு பாதியச் சீவறப்போ அவளே வந்து இன்னொரு நுனியப் புடிச்சுட்டு உக்காந்துக்கிட்டா. ரெண்டு சீவு சீவுனதும் "போதும்"னா. "இன்னும் சித்த"ன்னேன். "போதுமுன்னா போதும்"னு கத்தியப் புடுங்கிட்டா. அதுதான் வில்லு. நான் பண்ணுன வில்லு.

போன விஜயதசமிக்கு அதைக் கொண்டு போய்க் குடுத்தேன். ரங்கண்ணன் வழக்கம் போலக் கண்ண மூடிட்டு இழுத்து விட்டாரு. விர்ருன்னு போச்சு பாருங்க! வாழையத் தாண்டுச்சு, முத்தத்தத் தாண்டுச்சு, ஊரே வாயப் பொளந்துட்டு நின்னுது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. துள்ளிக் குதிச்சேன். நான் ஒருத்தன்தான் குதிச்சேன். மத்தவங்கல்லாம் அம்பு விழுந்த எடத்தப் பாத்துட்டு இருந்தாங்க.

நாச்சிமுத்து வெங்காயக் காடு.

எங்க முப்பாட்டன் காலத்துலருந்து வெளிய போகாத பரிவட்டம் தம்பி. அவன் தலைக்குப் போகுது. அதுவும் எங்கையால நானே கட்டி விடோணும். அந்தப் பாவி என்ன பண்ணுனான் தெரியுங்களா? நான் குள்ளம் பாருங்க, எட்டாதுன்னு நல்லாக் குனிஞ்சு குடுத்தான். "மெதுவாக் கட்டுங்க மச்சான், அவசரமில்ல"ன்னான். என்ன நக்கல் பாருங்க.

வீட்டுக்கு வந்து நான் சோறு திங்கல. கண்ணாத்தா பக்கத்துல வந்து உக்காந்து, "ஏனுங்க, அடுத்த வருசம் பழையபடி கிளுவைக்கே போயிரலாமுங்க. அம்பு முத்தத்துலயே விழுந்துரும், துணி நம்ம வீட்டுக்கே வந்துரும்"னா. கேட்டீங்களா கதைய? இத்தன வித்தை கத்துக்கிட்டவன் திரும்பக் கிளுவைக் குச்சியத் தூக்கிட்டுப் போய் நிக்கறதா? ஊர் சிரிக்காது? எனக்கு வேற கணக்கு. வெங்காயக் காட்டத் தாண்டி இந்தக் காடு இருக்குது. இதுவும் எங்க மாமனார் வழிச் சொத்துதான், நாச்சிமுத்துகிட்ட இருந்துது. ரெண்டு வருசமா அவன் கையில இல்ல, கை மாறிருச்சுன்னு கண்ணாத்தா சொன்னா. ஆருக்குன்னு நான் கேக்கல. அவன் பேச்சையே நம்ம வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டிருந்தேன். அப்பறம் பாத்தா நீங்க வந்து காளான் கொட்டாய் போட்டீங்க, நாய் கட்டுனீங்க. சரி, திருப்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தரு வாங்கிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு வராட்டிப் போகுது, அவனுக்குப் போகாம இருந்தாச் சரி. அம்பு வெங்காயத்தத் தாண்டோணும். அவ்வளவுதான் என் ஆசை.

அதனால இந்த வருசம் அடி மூங்கில். வேருக்குப் பக்கத்துல இருக்கற தடியான துண்டு. ஒறம்பரை தோட்டத்துல இனி என்னைய விட மாட்டாங்கன்னு வேற எடத்துல வாங்குனேன். அதே தேய்பிறை, அதே தொட்டி, அதே நாத்தம். இந்தத் தடவை மாடுகளே பழகிருச்சு. சீவறப்போ கண்ணாத்தா "போதும்"னு சொன்னதுக்கு ரொம்ப முன்னாலயே நான் நிறுத்திட்டேன். தடிப்பா இருக்கட்டுமேன்னு.

கொஞ்சம் ரொம்பவே தடிப்பாப் போச்சு. சித்த முன்னால நடந்ததச் சொல்றேன். ரங்கண்ணன் இழுக்கறாரு, வில்லு அசையல. கால ஊனி இழுக்கறாரு, அசையல. ரெண்டு பேர் அவரு இடுப்பப் புடிச்சு இழுத்தாங்க, அந்த ரெண்டு பேர் இடுப்ப நான் புடிச்சேன். தேர் இழுக்கற மாதிரி "கோவிந்தா, கோவிந்தா"ன்னு நாலு பேரும் இழுத்து விட்டதுல அப்படியே மல்லாக்க விழுந்தோம். ரங்கண்ணன் என் வயித்து மேல. அம்ப எங்கள்ல ஆருமே பாக்கல. அப்பறம் ஒரு சத்தம், "வெங்காயத்தத் தாண்டிருச்சு!"ன்னு. நான் படுத்துட்டே கும்புட்டேன். அதுல ஒண்ணுதான் புரியல. நாச்சிமுத்து அங்க நின்னு கை தட்டறான் தம்பி. பரிவட்டம் போயிருச்சேன்னு அவனுக்குத் துளி வருத்தமில்ல. பல்லக் காட்டிட்டுக் கை தட்டறான்.

இப்பப் புரிஞ்சுதுங்களா? வெளக்கு வெக்கறதுக்குள்ள காட்டுக்காரரு வந்து தலைய நீட்டலீன்னா, போன வருசம் வாங்குனவனுக்கே மரியாதை போயிரும். அதுதான் வழக்கம். பொழுது எறங்குது பாருங்க. நீங்க வரலீன்னா மறுபடியும் அந்தத் தடியன் தலையில நான் துணி சுத்தோணும். செத்தே போயிருவேன். வாங்க தம்பி, உங்க கால்ல வேணா விழறேன்.

என்னுங்க? நீங்க காட்டுக்காரரில்லையா?

வாடகைக்கா? சரி, வாடகைக்குன்னா... அப்ப காட்டுக்காரரு ஆரு? எங்கிருக்கறாரு? போன் போடுங்க, நான் பேசறேன். வண்டி எடுத்துட்டுப் போயாவது கூட்டீட்டு வர்றேன்.

அம்மாவா? எந்த அம்மா?

வெள்ளிக்கெழமை வந்து வாடகை வாங்கிட்டுப் போறவங்க. சரி. போறப்போ ஒரு பொட்டலம் காளானும் குடுப்பீங்க. சரி. எங்கூட்டுலயும் வெள்ளிக்கெழமையானாக் காளான் கொழம்புதான். சந்தையில வாங்குனதுன்னு எங்கூட்டுக்காரி சொல்லுவா.

தம்பி, இருங்க. அந்தம்மா பேரென்ன?

எந்தக் கண்ணாத்தா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மூக்குத்தி ரெண்டு பக்கமும் குத்தியிருக்குமா? நடக்கறப்போ எடது தோள்பட்டைய லேசாத் தேச்சுக்குவாளா? ஆமா, கொடம் சொமந்த தோளு... நாச்சிமுத்துதான் எழுதிக் குடுத்தானா? எங்கக்கா பங்குன்னு அவனாக் கூப்புட்டுக் குடுத்தானா? அவ கேக்காமயேவா?

ரெண்டு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. சொன்னா, அவன் குடுத்தது நமக்கு வேண்டாம், திருப்பிக் குடுன்னு நான் குதிப்பேனாமா? உங்ககிட்டச் சொன்னாளா? நான் அப்படிச் சொல்ற ஆளா தம்பி? என்னையப் பாத்தா அப்படித் தெரியுதா?

சொல்லியிருப்பேன்.

அவ அங்கதான் நிக்கறா. கூட்டத்துக்குப் பின்னால, பொங்கச் சோத்துப் போசியத் தூக்கிட்டு. மொத மரியாதைன்னா இத்தன வருசமும் அவ அந்தக் கடைசியிலதான் நின்னு பாத்திருக்கறா. எங்கம்மாவும் அங்கதான் நின்னா. அம்பு தனக்கு விழுந்திருக்குதுன்னு இப்ப அவளுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும், அவளுக்கும் அந்தக் கைதட்டுன பயலுக்கும். ரெண்டு பேரும் வாயத் தெறக்காம நான் ஓடுனதப் பாத்துட்டு நிக்கறாங்க. நான் வர்றப்போ கூட, "ஏனுங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க"ன்னு கத்துனா. நான் திரும்பியே பாக்கல.

சந்தோசமா இருக்குதா எரிச்சலா இருக்குதான்னே தெரியல தம்பி. நாலு பேரு சேந்து மல்லாக்க விழுந்து விட்ட அம்பு, எங்கூட்டுக்காரி காட்டுல வந்து குத்தியிருக்குது. இந்தத் துணியத்தான் அவ கிளுவைக் குச்சியில வாங்கிக்கலாமுன்னு சொன்னா, நான் கேக்கல. பரவால்ல. அதுல விழுந்திருந்தா துணி என் தலைக்குத்தான் வந்திருக்கும், அவ தலைக்கு வந்திருக்காது.

நான் போறேன். வெங்காயக் காட்டுக்குள்ளயே போயிர்றேன், நேரமாச்சு. தொட்டிய நாளைக்கு வந்து பாக்கறேன். என்ன, எங்க தொட்டிதானே.

ஒரே ஒரு ஒத்தாசை தம்பி. கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்குது. தம்பிக்காரன் குனிஞ்சு குடுத்தான், அக்காக்காரி குனிய மாட்டா. இன்னைக்குக் குனியவும் வேண்டாம், நிமிந்து நிக்கட்டும். ஆனா அவ என்னைய விட ஒரு சாண் உசரமுங்க. கல்யாணத்துலயே நான் பலகை மேல ஏறி நின்னுதான் தாலி கட்டுனேன்.

கொட்டாய்க்குள்ள முக்காலி எதாச்சும் இருக்குதுங்களா?